"எங்களுக்கும் டிவி பார்த்துத்தான் தெரியும்": உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

தெற்குவாசல், வர்ஜீனியா

மூன்று வாரமாக மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை ஆரம்பிக்கிறேன்.

2025 ஜூன் 21, சனிக்கிழமை இரவு. ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் ஆகிய மூன்று இடங்களிலும் குண்டு போட்டாகிவிட்டது என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். பத்து மணிக்கு டிவியில் வந்து, ஈரானின் அணு நிலையங்கள் முற்றிலுமாக அழித்தொழிக்கப்பட்டன என்றார். பாதுகாப்புத் துறையின் சொந்த உளவு அமைப்பு தயாரித்த முதற்கட்ட மதிப்பீடோ, சில மாதப் பின்னடைவுதான் என்று சொன்னதாக அந்த வாரமே செய்தி வந்தது.

திங்கட்கிழமை காலை ஒரு செனட்டரின் அலுவலகத்துக்கு போன் போட்டேன். எடுத்தவன் சின்னப் பையன், குரலிலேயே தெரிந்தது. "செனட்டருக்கு முன்கூட்டியே சொன்னார்களா? அவர் சம்மதம் கேட்டார்களா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சார், எங்களுக்கும் டிவி பார்த்துத்தான் தெரியும்" என்றான்.

போர் அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தான் என்று அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே சொல்கிறது. குடியுரிமைத் தேர்வுக்கு நான் உருப்போட்டுப் படித்த பாடம் அது. காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942-ல். அதற்குப் பிறகு கொரியாவிலிருந்து எத்தனை போர்கள்!

அந்த வெள்ளிக்கிழமை, ஜூன் 27 அன்று, ஈரான் மீது மேற்கொண்டு தாக்குவதானால் காங்கிரஸைக் கேட்டாக வேண்டும் என்ற தீர்மானம் செனட்டில் ஓட்டுக்கு வந்து, 47-க்கு 53 என்று தோற்றது. நான் போன் செய்த செனட்டரும் எதிர்த்தே ஓட்டுப் போட்டார். சொல்லாமல் செய்தார்கள் என்று கோபப்பட வேண்டிய மனிதர், இனிமேலும் எங்களைக் கேட்க வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

இப்படி யாரையும் கேட்காமல், அல்லது பொய் சொல்லி நடத்திய போர்களில் அடிபட்டவர்களை நீங்கள் நேரில் சந்தித்திருந்தால் எழுதுங்கள். கருத்து வேண்டாம், கருத்துக்குப் பஞ்சமே இல்லை. பார்த்ததைச் சொல்லுங்கள்.

*

கடலோரம், லாங் பீச்

எங்கள் ஊரில் டோனட் கடை என்றாலே கம்போடியக்காரர்கள் கடைதான். இளஞ்சிவப்பு அட்டைப்பெட்டியில் கட்டித் தருவார்கள். எனக்கு ஐந்து மணி ஷிப்ட் என்பதால், நாலே காலுக்கு ஒரு கடையில் போய் நிற்பது பதினொரு வருடப் பழக்கம். முதலாளியம்மாவுக்கு அறுபதுக்கு மேல் வயது. என்னிடம் முதல் டோனட்டுக்கு அவர் காசு வாங்கியதே இல்லை.

ஒரு நாள் மழை. வேறு யாரும் வரவில்லை. சுவரில் மாட்டிய டிவியில் எங்கேயோ குண்டு விழுந்த படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா மாவு பிசைந்துகொண்டே பார்த்தவர், "எங்க ஊர்ல இப்படி இல்ல. வரிசையா விழும்" என்றார். சொல்லிவிட்டு, மாவு தூவிய எஃகு மேசையில் பரத்தியிருந்த மாவின் மேல் முஷ்டியை வைத்து அழுத்தினார். ஒரு குழி. பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. நேர்கோடாக ஏழெட்டுக் குழிகள். கடைசிக் குழிக்கு ஒரு விரற்கடை தள்ளி நுனி விரலால் தொட்டு, "இதுதான் எங்க வீடு" என்றார்.

அவர் ஊர் மீமோட் பக்கம், வியட்நாம் எல்லையை ஒட்டிய ரப்பர் தோட்டப் பகுதி. 1969-ல் அவருக்கு ஒன்பது வயது. விமானம் கண்ணுக்கே தெரியாது, சத்தமும் கேட்காது, தரைதான் முதலில் ஆடும் என்றார். மழைக்காலத்தில் குழியெல்லாம் குளமாகிவிடுமாம். அதில் ஒன்றில் அவர் அப்பா மீன் விட்டு வளர்த்திருக்கிறார். பின்னால் கெமர் ரூஜ் கம்யூனிஸ்டுகள் நாட்டை ஆண்ட காலத்தில் அந்த அப்பாவும் போனார். அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் சொன்னதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. மகன் கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "அம்மா, அந்த வருஷம் உங்க ஊர் மேல குண்டே விழலைன்னு இவங்க எழுதி வெச்சிருக்காங்க" என்றானாம். இவருக்குப் புரியவில்லை. "நான் பார்த்தேனே" என்றாராம்.

அதற்குப் பிறகு நானே தேடிப் படித்தேன். 1969 மார்ச் 18-ல் தொடங்கி 1970 மே வரை, அப்போதைய அமெரிக்க அதிபர் நிக்சன் உத்தரவில் கம்போடியா மீது ரகசியமாக 3,800 தடவைக்கு மேல் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் போய் வந்திருக்கின்றன. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குண்டு. காங்கிரஸில் ஒரு சில மூத்தவர்களின் காதில் மட்டும் போட்டுவைத்தார்கள், மற்றவர்களுக்குத் தெரியாது. அதுவும் சும்மா மறைக்கவில்லை, கணக்கையே இரண்டாக எழுதினார்கள். தெற்கு வியட்நாமில் விமானங்களுக்கு வழிகாட்டும் ரேடார் நிலையத்துக்கு உண்மையான இலக்கு உறையில் வைத்து ஆள் மூலம் வரும். குண்டு போட்டு முடிந்ததும் அந்தக் காகிதத்தை எரித்துவிட்டு, வியட்நாமுக்குள் ஏதோ ஓர் இடத்தில் போட்டதாகப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த வேலையைச் செய்த ஹால் நைட் என்ற விமானப்படை மேஜர், 1973-ல் செனட்டர் பிராக்ஸ்மயருக்குக் கடிதம் எழுதி, செனட் குழுவின் முன்னால் சாட்சியும் சொன்னார். அப்புறம்தான் முழு விவரமும் வெளியே வந்தது.

1970 ஏப்ரல் 30 அன்று நிக்சன் வரைபடத்தைக் காட்டி டிவியில் பேசினார். நடுநிலை நாட்டின் எல்லையை மீற விரும்பாததால், ஐந்து வருடமாக அங்கிருக்கும் எதிரி முகாம்கள் மீது நாங்கள் கை வைக்கவில்லை என்றார். அப்போது குண்டு விழ ஆரம்பித்துப் பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. 1974-ல் அவர் மேல் பதவி நீக்கக் குற்றச்சாட்டுகள் எழுதிய கமிட்டியில் இந்தக் கம்போடியா விவகாரமும் தனிக் குற்றச்சாட்டாக வந்தது. 26-க்கு 12 என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அந்த ரகசியத் தாக்குதலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சாப்பாட்டு வேளையின் பெயர் வைத்திருந்தார்கள். மீமோட் பக்கம் விழுந்த முதல் கட்டத்தின் பெயர் 'பிரேக்ஃபாஸ்ட்'. தினமும் விடியற்காலையில் எனக்குப் பசியாற்றும் அந்த அம்மாவிடம் இதை மட்டும் நான் சொல்லவில்லை.

*

ஓஹையோ மாணவன்

கடலோரம் அண்ணா, நீங்கள் சொன்ன அதே ஏப்ரல் 30 உரையின் இன்னொரு முனை நான் படித்த கல்லூரியில் இருக்கிறது. கென்ட் ஸ்டேட். கம்போடியாவுக்குள் படை அனுப்புகிறேன் என்று நிக்சன் பேசியது வியாழன் இரவு. அதை எதிர்த்துக் கூடியவர்கள் மேல் தேசியக் காவல்படை திங்கட்கிழமை மதியம் சுட்டது. பதின்மூன்று நொடியில் 67 குண்டுகள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம்.

அவர்கள் விழுந்த இடம் இன்றைக்கும் கார் நிறுத்துமிடம்தான். நான்கு இடங்களையும் விளக்குத் தூண் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மே 3 இரவும் மெழுகுவத்தி ஏந்தி ஊர்வலமாக வந்து, மறுநாள் மதியம் வரை அரை மணிக்கு ஓர் ஆள் என்று மாற்றி மாற்றி அந்த இடங்களில் நிற்பார்கள். ஒரு வருடம் நானும் நின்றேன், அதிகாலை மூன்று மணிக்கு. எனக்கு முன்னால் நின்றவர் ஒரு வயதான அம்மா. இடம் மாறும்போது தன் மெழுகுவத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, "அன்னைக்கு நான் பஸ்ஸைத் தவறவிட்டுட்டேன். வந்திருந்தா இங்கதான் நின்னிருப்பேன்" என்றார். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை. கையில் மெழுகு சொட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

*

டெட்ராய்ட் பாலம்

என்னுடையது கொஞ்சம் வேறு மாதிரி. நான் பொய்யை நம்பியவன்.

2003 பிப்ரவரி 5. இராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வில் பேசியதை அலுவலக கேன்டீன் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பவல் மேல் எனக்கு அப்படி ஒரு மரியாதை. அவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டினார், இவ்வளவு ஆந்த்ராக்ஸ் கிருமி இருந்தாலே போதும் என்று. எங்கள் குழுவில் பாக்தாத்தில் பிறந்த எஞ்சினியர் ஒருவர் இருந்தார், எனக்குப் பத்து வயது மூத்தவர். "அதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார். "சும்மா மாதிரிக்குத்தான்" என்றேன். "குப்பிதானே மாதிரி? என் அம்மா வீட்டு மேல விழப்போறது மாதிரி இல்லையே" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

நான் பின்னாலேயே போய் வாதம் செய்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. "உங்களுக்கு சதாமைப் பிடிக்குமா?" என்றுகூடக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

இராக் விஷயத்தில் காங்கிரஸைக் கேட்டார்கள்தான். 2002 அக்டோபரில் கீழ்சபையில் 296-க்கு 133, செனட்டில் 77-க்கு 23 என்று அனுமதியும் கிடைத்தது. ஆனால் எதை வைத்துக் கேட்டார்கள்? உளவுத்துறையின் 92 பக்க மதிப்பீடு பாதுகாப்பான அறையில் செனட்டர்களுக்காகக் காத்திருந்தது. போய் முழுக்கப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். படித்தவர்களில் ஒருவரான பாப் கிரஹாம் எதிர்த்து ஓட்டுப் போட்டார். கடைசியில் பேரழிவு ஆயுதமும் இல்லை, ஒன்றும் இல்லை. அமெரிக்கத் தரப்பில் மட்டும் ஏறக்குறைய 4,500 வீரர்கள் செத்தார்கள். இராக்கியர்கள் லட்சக்கணக்கில். அந்தப் பேச்சு தன் வாழ்க்கையில் ஒரு கறை என்று பவலே 2005-ல் ஒத்துக்கொண்டார்.

எஞ்சினியர் 2006-ல் வேலையை விட்டுப் போனார். போகிற அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நம்பின, அவ்வளவுதான். தெரிஞ்சே சொன்னவங்க கேட்கட்டும்" என்றார். அவர் அம்மா வீடு என்ன ஆயிற்று என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

*

மதுரைவீரன் பேரன்

நேரில் பார்த்த கதை என்னிடம் இல்லை, மன்னிக்கவும். ஆனால் கட்சி பார்க்காமல் பேசுங்கள். 2011-ல் அப்போதைய அதிபர் ஒபாமா லிபியா மீது குண்டு போட்டதும் இதே வேலைதான். 1973 போர் அதிகாரச் சட்டப்படி, காங்கிரஸ் அனுமதி இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்த ஆரம்பிக்க வேண்டும். நாள் தாண்டியதும், தரைப்படை போகவில்லை, அதனால் இது சட்டம் சொல்கிற 'மோதல்' கணக்கில் வராது என்று வாதாடினார்கள். மேலிருந்து விழுவதும் குண்டுதானே? நான் அவருக்கு ஓட்டுப் போட்டவன். அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்தது தப்பு.

*

வெயிலூர், டெக்சாஸ்

நான் மறுவாழ்வு சிகிச்சையாளர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தத் தம்பி வரும் நாட்களில் அறையில் டியூப்லைட் போட மாட்டோம், திரையையும் இழுத்துவிடுவோம். அப்படியும் கருப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான். அன்றைய வேலைகளை இடது மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொண்டு வருவான், 'பால், பல் டாக்டர், மகள் 3 மணி' என்று. முடிந்ததை எச்சில் தொட்டு அழிப்பான். நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னால் இரண்டு நொடியில் சாய்ந்துவிடுவான், நான் பிடித்துக்கொள்வேன்.

ராணுவ வீரன், 2020 ஜனவரியில் இராக்கின் அல் அசாத் விமானப்படைத் தளத்தில் இருந்தவன். ஈரான் தளபதி சுலைமானியை ஜனவரி 3 அன்று கொன்றதற்குப் பதிலடியாக வந்த ஏவுகணைகள் அங்கேதான் விழுந்தன. மறுநாள் அதிபர் டிரம்ப் டிவியில், அமெரிக்கர் யாருக்கும் பாதிப்பில்லை என்றார். "அப்ப நான் வாந்தி எடுத்துட்டு இருந்தேன், மேடம்" என்றான் இவன். இரண்டு வாரம் கழித்து நிருபர்கள் கேட்டபோது, சிலருக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டேன், பெரிய விஷயமில்லை என்று அதிபர் சொன்னார். மூளைக் காயம் என்று கண்டறியப்பட்டவர்கள் கடைசியில் நூறைத் தாண்டினார்கள்.

தளபதியைக் கொன்றதற்குக் காரணம் கேட்ட காங்கிரஸுக்கும் இதே கதைதான். ஐந்து நாள் கழித்துக் கூப்பிட்டு விளக்கம் சொன்னார்கள். அதிபரின் சொந்தக் கட்சி செனட்டர் மைக் லீ வெளியே வந்து, ஒன்பது வருடத்தில் ராணுவ விஷயத்தில் இவ்வளவு மோசமான விளக்கக் கூட்டத்தைப் பார்த்ததில்லை என்றார். அப்புறம், காங்கிரஸைக் கேட்காமல் ஈரானோடு போர் கூடாது என்று இரு சபைகளும் தீர்மானம் போட்டன. அதிபர் வீட்டோ செய்தார். முடிந்தது.

தம்பிக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை கேட்டான்: "வீட்டுல எல்லாரும் அந்தப் பேச்சைப் பார்த்துட்டு நிம்மதியாயிட்டாங்க. நான் போன் பண்ணி, இல்ல, எனக்கு அடிபட்டிருக்குன்னு சொன்னா, என் பொண்டாட்டி யாரை நம்புவா?"

*

தெற்குவாசல், வர்ஜீனியா

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். வெயிலூர் அக்கா, அந்தத் தம்பியின் மணிக்கட்டு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இன்று காலை அதே செனட்டர் அலுவலகத்துக்கு மறுபடி போன் செய்தேன். அதே பையன்தான் எடுத்தான். ஓட்டைப் பற்றிக் கேட்டேன். எழுதி வைத்திருந்த நாலு வரியைப் படித்தான். சரி என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம், "உங்களுக்கு ஐந்து நிமிஷம் நேரம் இருக்கிறதா?" என்று கேட்டு, பெயர் எதுவும் சொல்லாமல், மாவில் குழி போட்டுக் காட்டிய அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பையன் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "அந்த ஊர் பெயரை இன்னொரு தடவை சொல்றீங்களா, சார்?" என்றான்.

மீமோட் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். எழுதிக்கொண்டான்.