ஒரு வாக்கியத்தை நீக்கப் போய் பத்தியே போன கதை

தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கை என்னுடையது. முற்றுப்புள்ளி வைத்தால் கட்டைவிரல் தானாக இடைவெளி விசையை இரண்டு தடவை தட்டும். எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் விழுகிற இயந்திரத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. கணினிக்கு வந்தபின் ஒன்றே போதும் என்றார்கள். விரலைத் திருத்தச் சில மாதம் பிடித்தது. 2020இல் வேர்டும் இரட்டை இடைவெளியைப் பிழை என்று கோடிட ஆரம்பித்தபோது, நல்லவேளை, முன்பே மாறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் ஈமேக்ஸ் என்கிற எடிட்டர் (எழுதித் திருத்தும் மென்பொருள்) கைக்கு வந்தது. நீளமான ஒரு பத்தியின் நடுவில் ஒரே ஒரு வாக்கியத்தை நீக்க ஆல்ட்-கே அடித்தேன். கர்சர் நின்ற இடத்திலிருந்து பத்தியின் கடைசிவரை காணோம்! கண்ட்ரோல்-ஒய் அடித்து மீட்டேன். மறுபடி முயன்றேன், மறுபடியும் அதே. விசைப்பலகைமேல்கூடச் சந்தேகப்பட்டேன். கையேட்டைப் புரட்டியபோதுதான் புரிந்தது: புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளியோ வரிமுடிவோ இருந்தால்தான் அதன் கணக்கில் வாக்கியம் முடிகிறது. நான் பாடுபட்டு விட்டொழித்த பழக்கத்தைத்தான் அது என்னிடம் எதிர்பார்த்திருக்கிறது.

பத்தியை ஒழுங்குபடுத்தும் ஆல்ட்-கியூவிலும் அதே பிடிவாதம். ஒற்றை இடைவெளி உள்ள புள்ளியை ஒட்டி வரியை மடிக்காது. வரிக்கடைசியில் இருந்த புள்ளி நடுவுக்கு வந்தால், கேட்காமலே இரண்டு இடைவெளி போட்டுவிடும். கோப்பில் பாதி ஒற்றை, பாதி இரட்டை.

திட்டிக்கொண்டே, வாக்கிய முடிவில் இரட்டை இடைவெளி கேட்கும் சென்டென்ஸ்-எண்ட்-டபுள்-ஸ்பேஸ் என்ற அமைப்பை nil, அதாவது "இல்லை" ஆக்கினேன். அன்றைக்கே இரட்டை இடைவெளியின் நியாயமும் தெரிந்தது. வாக்கியம் வாக்கியமாகத் தாவும்போது கர்சர் இப்போது ஒவ்வொரு "திரு." பக்கத்திலும் நின்று மூச்சு வாங்குகிறது. பரவாயில்லை, பத்தி போவதற்கு இது மேல்.

இன்னொன்றும் உண்டு. மார்க்டவுனில் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை) வரிக்கடைசியில் விடும் இரண்டு இடைவெளி வரியை உடைக்கும். வேறொரு எடிட்டரில், சேமிக்கும்போது வரிக்கடைசி வெற்றிடங்களை நீக்கும் வசதியை நானே முடுக்கிவிட்டு மறந்திருந்தேன். எட்டு வரிக் கவிதை ஒரே பத்தியாக வந்து நின்றது. இப்போதெல்லாம் அந்த இடத்தில் அதே வேலையைச் செய்யும் பின்சாய்கோடுதான் போடுகிறேன், கண்ணுக்காவது தெரிகிறதே.