யூனியன் ஆபீஸை இடிப்பது ஒன்று, ஊரை விட்டுக் கொண்டுபோவது வேறொன்று

(புனைபெயர்களில் எழுதுபவர்களின் விவாதம்)

வேப்பமரத்தடி:

எங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் 1962-இல் கட்டப்பட்டது. பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடந்தே மூன்று நிமிடத்தில் போய்விடலாம். வாரச்சந்தை, கூட்டுறவு வங்கி, அரசு மருத்துவமனை எல்லாம் அதே சாலையில்தான் இருக்கின்றன. இப்போது இந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு, ஊருக்குக் கிழக்கே ஐந்து கிலோமீட்டர் தள்ளி, புறவழிச்சாலையை ஒட்டிய புறம்போக்கு நிலத்தில் புதிய அலுவலகம் கட்டக் கருத்துரு அனுப்பியிருக்கிறார்கள்.

கட்டடம் பழுதடைந்துவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. பழுது என்ற ஒரே காரணத்தைக் காட்டி, இடிப்பது, இடம் மாற்றுவது என்ற இரண்டு முடிவுகளையும் ஒரே முடிச்சாகப் போடுகிறார்கள் என்பதுதான் என் குறை. சந்தை நாளில் கீரைக்கட்டுடன் காலை முதல் பேருந்தில் வரும் பெண்கள், பத்து மணிக்குள் விற்றுவிட்டு, வெறுங்கூடையை அலுவலகத் திண்ணையில் வைத்துவிட்டு, வீடு கட்டும் திட்டத்தில் அடுத்த தவணை ஏன் வரவில்லை என்று ஓவர்சியரைக் கேட்டுப் போவதை நான் முப்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அவர்கள் வருவது மகளிர் கட்டணமில்லா நகரப் பேருந்தில். புறவழிச்சாலையில் நிற்பதோ கட்டணம் வாங்கும் புறநகர்ப் பேருந்துகள். ஒரு கையெழுத்துக்காக அந்தப் பெண் போக ஒரு ஷேர் ஆட்டோ, திரும்ப ஒரு ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். கீரை விற்ற காசில் அது எவ்வளவு பெரிய பங்கு என்பதை இந்தக் கருத்துருவை எழுதியவர்கள் கணக்கிட்டார்களா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் "பழுதை மறுக்கவில்லை" என்று ஒரு வரியில் கடந்து போகிறீர்களே, அந்த ஒரு வரியில்தான் உயிர் இருக்கிறது.

1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து 1960, 61-இல் ஒன்றியங்கள் உருவானபோது, மாநிலம் முழுவதும் குறுகிய காலத்தில் ஏராளமான அலுவலகங்கள் கட்ட வேண்டியிருந்தது. சிமெண்டுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. கலவையைக் கையால் கலந்தார்கள், வழவழப்பான சாதா கம்பி போட்டார்கள், கம்பிக்குக் கீழே இருக்க வேண்டிய காங்கிரீட் கனம் பல இடங்களில் ஒரு விரற்கடைகூட இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளில் மெல்ல உள்ளே இறங்கி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. மழைநீர் கசிந்தால் அதன்பின் துருவுக்குத் தடையில்லை. துருவேறிய கம்பி பருக்கும், பருத்த கம்பி காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மேலே பூச்சுப் பூசி வெள்ளையடித்தால் மறு ஆண்டு அதே இடம் மறுபடி உப்பும்.

ஒருமுறை இப்படிப்பட்ட ஒரு கட்டடத்தில் கூரையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பிரிந்துபோன இடத்தில் டொப்பென்று கேட்கும். கணக்குப் பிரிவின் மேசைக்கு மேலே டொப்பென்று கேட்டது. அந்த மேசைக்காரரை எழுந்து வெளியே வரச் சொன்னோம், அவர் தேநீர் குடிக்கப் போனார். அவர் திரும்புவதற்குள் சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள ஒரு காங்கிரீட் துண்டு பெயர்ந்து அவருடைய நாற்காலியின் மேல் விழுந்தது. நாற்காலியின் முதுகுப் பலகை இரண்டாகப் பிளந்திருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட கூரைக்குக் கீழே இன்னொரு மழைக்காலம் ஆட்களை உட்கார வைத்துவிட்டு நாம் இடத்தைப் பற்றி வாதாட முடியாது.

மூன்றாவது வார்டு:

நான் ஐந்து ஆண்டுகள் ஒன்றியக் குழு உறுப்பினராக இருந்தவள். எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு என்று 2016-இல் சட்டம் திருத்தினார்கள். ஆனால் நாங்கள் போய் அமர்ந்த கட்டடம், பெண்கள் உறுப்பினராக வருவார்கள் என்று யாரும் நினைக்காத காலத்தில் கட்டப்பட்டது.

கூட்ட நாட்களில் நாங்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்போம். பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறை ஜீப் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது, தாழ்ப்பாள் கிடையாது, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் மனு கொடுக்க வந்தால் நான்கு படி ஏற முடியாமல் வேப்பமரத்தின் கீழேயே உட்கார்ந்திருப்பார்கள், எழுத்தர் மனம் வைத்து இறங்கி வந்தால்தான் மனு உள்ளே போகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-இல், அந்தப் படிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. இத்தனை ஆண்டுகள் ஊர் நடுவில் இருந்த அலுவலகம் எங்களுக்கு வசதியாக இருந்தது என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது. எங்கே கட்டினாலும் சரி, முதலில் நாங்கள் மரியாதையாக உட்காரக்கூடிய ஒரு கட்டடம் வேண்டும்.

சுண்ணாம்புக்காரை:

ஒரு திருத்தம். "பழைய கட்டடம்" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் நல்லதும் சேர்ந்து இடிபடுகிறது.

பல ஒன்றிய அலுவலக வளாகங்களில் 1960-களின் காங்கிரீட் கட்டடத்துக்குப் பின்னால், அதைவிட மூத்த ஒரு கட்டடம் நிற்கும். 1884-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் தாலுகா போர்டுகள் இயங்கிய காலத்தில் கட்டியதாக இருக்கும், இப்போது பதிவறையாகவோ உடைந்த நாற்காலி போடும் அறையாகவோ இருக்கும். அதன் கூரை மெட்ராஸ் தளம். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிடித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். அதில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை. மூத்தது உறுதியாகவும் இளையது நொந்தும் நிற்பதை ஒரே வளாகத்தில் பார்க்கலாம். அந்த மூத்த கட்டடத்துக்கு வரும் கேடு பெரும்பாலும் நாம் செய்வது. கைப்பிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காமல் விடுகிறோம், சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசி ஈரம் வெளியேற வழியில்லாமல் செய்கிறோம்.

சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. 1882-இல் உள்ளாட்சிக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்த ரிப்பன் பிரபுவின் பெயரால் எழுந்த அந்த மாளிகையில் இடம் போதாமல் போனபோது, அதை இடிக்கவுமில்லை, ஊருக்கு வெளியே போகவுமில்லை. பின்புறம் அம்மா மாளிகையைக் கட்டிப் பிரிவுகளை அங்கே மாற்றினார்கள், மாமன்றம் பழைய மாளிகையிலேயே கூடுகிறது. சேப்பாக்கத்தில் 2012-இல் தீயில் எரிந்த, நவாபுகளின் பழைய அரண்மனையான கலச மகாலைப் பொதுப்பணித்துறையே சீரமைத்துக் கொடுத்தது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. மாறாக, பதினெட்டாம் நூற்றாண்டின் பெண்டிங்க் கட்டடத்தை இடித்துத்தான் ஆட்சியர் அலுவலகத்துக்குச் சிங்காரவேலர் மாளிகையைக் கட்டினார்கள். போனது திரும்பவில்லை.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

சுண்ணாம்புக் கட்டடத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, அதை நிறுத்தி வைக்கலாம். ஆனால் ரிப்பன் மாளிகைக்குக் கிடைக்கிற நிதியும் கவனமும் ஒரு ஒன்றியத்துக்குக் கிடைக்காது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எங்கள் வட்டாரத்தில் இன்று இரண்டு பேர்கூடத் தேறமாட்டார்கள். அரசுக் கட்டட வேலைகளுக்கான விலைப்பட்டியலில் இல்லாத வேலைக்கு மதிப்பீடு போட்டால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஓவர்சியர்தான். அதனால்தான் எல்லோரும் இடிப்பதற்கே எழுதுகிறார்கள்.

வேப்பமரத்தடி:

ஓவர்சியர் ஐயா சொன்ன நாற்காலியையும், அம்மா சொன்ன தாழ்ப்பாளையும் படித்த பிறகு, முன்புற காங்கிரீட் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று நான் இனி வாதாட மாட்டேன். அதை இடிக்கட்டும். அதே வளாகத்தில் பழுதாகி யாரும் குடியிருக்காத பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) குடியிருப்பு இருக்கிறது, சிமெண்டுக் கிடங்கு இருக்கிறது, ஜீப் கொட்டகை இருக்கிறது. அவற்றை அகற்றினால் சாய்தளமும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், கூட்டரங்கும் உள்ள இரண்டு மாடிக் கட்டடத்துக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும்.

இடமாற்றத்தில் இன்னும் இரண்டு செய்திகள் எனக்கு உறுத்துகின்றன. முதலாவது, அந்தப் புறம்போக்கு நிலம் ஏரியின் நீர்ப்பிடிப்பை ஒட்டியது. ஐப்பசியில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பது ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டாலே தெரியும். சென்னையில் வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில், மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகநேரிக் கண்மாயில். காலியாகக் கிடக்கும் அரசு நிலம் என்றால் கைக்கு முதலில் கிடைப்பது நீர்நிலைதான் என்ற பழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை.

இரண்டாவது, இந்தக் கருத்துரு போன நேரம். குழுவின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், அரசு நியமித்த தனி அலுவலரின் பொறுப்பில் ஒன்றியம் இருக்கிறது. 38 ஊராட்சி மக்களின் அலுவலகம் எங்கே இருக்க வேண்டும் என்ற முடிவை, அந்த மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட அமர்ந்திராத மேசையில் எடுப்பது முறையா? ஆபத்தான கட்டடத்தைக் காலிசெய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு, அதை உடனே செய்யட்டும், வாடகைக் கட்டடத்துக்குப் போகட்டும். நிரந்தரமாக ஊரை விட்டுப் போவது அவசர வேலை ஆகாது.

மூன்றாவது வார்டு:

குழு இல்லாத நேரத்தில் முடிவெடுப்பது தவறு என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் ஊர் நடுவில் இருப்பது எல்லோருக்கும் நடு என்று நினைக்காதீர்கள். ஒன்றியத்தின் கிழக்குப் பகுதி ஊராட்சிகளுக்குப் புறவழிச்சாலைதான் பக்கம். அந்தப் பக்கத்துப் பெண்கள் இப்போது இரண்டு பேருந்து மாறி வருகிறார்கள். அவர்கள் சந்தைக்கு வருவதில்லை, அதனால் உங்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். நகரப் பேருந்தைப் புறவழிச்சாலை வரை நீட்டிக்கக் கேட்டால் இரு பக்கத்தாருக்கும் பயன் உண்டு.

பதிவறை:

இருபத்தாறு ஆண்டுகள் ஒன்றியப் பணியில் எழுத்தராகவும் உதவியாளராகவும் இருந்தேன். எங்கே கட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. ஆனால் இதுவரை யாரும் காகிதத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் நிற்கும் நிலத்தில் கணிசமான பகுதி, 1960-களில் ஊர்க்காரர்கள் மனமுவந்து எழுதிக் கொடுத்தது. பத்திரமாகப் பதிந்தது கொஞ்சம், வெள்ளைத்தாளில் கைநாட்டு வைத்துக் கொடுத்தது அதிகம். அந்தத் தாள்கள் பதிவறைக் கட்டுகளில்தான் இருக்கின்றன. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981-இல் அரசு ஊழியராக்கப்படும் வரை அவர்களுடைய பணிப்பதிவேடுகளும் அங்கேதான் இருந்தன. சாலை அளவுப் புத்தகங்கள், குழுத் தீர்மானப் புத்தகங்கள் எல்லாம் அப்படியே. இவை எந்தக் கணினியிலும் ஏறவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தை மாற்றியபோது, சிவப்புத்துணியில் கட்டிய கட்டுகளை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது, தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது, அதைக் கணினிப் பெட்டிகளுக்குப் போர்த்தினார்கள். நீலமையில் எழுதிய தீர்மானப் புத்தகத்தை மறுநாள் நான் வெயிலில் விரித்துக் காயவைத்தேன், பக்கம் முழுவதும் நீலமாக இருந்தது, எழுத்து ஒன்றும் இல்லை. ஏழு ஆண்டுகள் கழித்து ஒரு பள்ளி விளையாட்டுத் திடலைத் தன் பாட்டன் நிலம் என்று ஒருவர் வழக்குப் போட்டார். தானம் கொடுத்ததை ஏற்றுக்கொண்ட தீர்மானம் அந்தப் புத்தகத்தில்தான் இருந்தது. எங்களால் நீதிமன்றத்தில் காட்ட முடியவில்லை.

இடிப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டுக்கும் எண் போட்டுப் பட்டியல் எடுங்கள், நிலம் தொடர்பானவற்றை ஸ்கேன் செய்யுங்கள், கோடையில் மாற்றுங்கள். அந்தச் சுண்ணாம்புக் கட்டடம் நிற்குமானால் காகிதம் அங்கேயே இருக்கட்டும். அதன் தடித்த சுவருக்குள் காகிதம் கெடாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சுண்ணாம்புக்காரை:

ஐயா, அந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற எனக்குக் கிடைத்த மிக வலுவான காரணம் இதுதான். விலைப்பட்டியலில் சுண்ணாம்பு வேலை இல்லையென்றால், பொதுப்பணித்துறையில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று இருக்கும் பிரிவிடம் மதிப்பீடு கேட்டு எழுதலாம்.

வேப்பமரத்தடி:

அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊராட்சியிலும், முடிந்தால் பக்கத்து ஊராட்சிகளிலும் வைக்கத் தீர்மான வரைவு ஒன்றை எழுதியிருக்கிறேன். கூரையின் உறுதி குறித்த ஆய்வறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். முன்புறக் கட்டடத்தை உடனே காலிசெய்ய வேண்டும். பதிவறைப் பட்டியல் எடுக்காமல் எந்தச் சுவரையும் தொடக் கூடாது. புதிய அலுவலகம் இதே வளாகத்தில் அமைய வேண்டும், இடமாற்றம் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு வந்த பிறகே பேச வேண்டும். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

"உடனே" என்பதை எடுத்துவிட்டு "வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்" என்று எழுதுங்கள். தேதி இல்லாத சொல்லை அலுவலகத்தில் யாரும் மதிப்பதில்லை.

மூன்றாவது வார்டு:

பெண்கள் கழிப்பறை, சாய்தளம் என்ற இரண்டும் வரைவில் எங்கேயும் இல்லை. முதல் வரியாக அவற்றைச் சேர்த்தால் எங்கள் ஊராட்சியில் நானே தீர்மானத்தை முன்மொழிகிறேன். "இதே வளாகத்தில்" என்ற வரியை மட்டும் எங்கள் ஊர்ப் பிரதியில் அடித்துவிடுவேன், கிழக்குப் பக்கத்துப் பெண்களைக் கேட்காமல் அதற்கு நான் கைதூக்க மாட்டேன்.