மறு: மூழ்காத நீர்மூழ்கிக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பொழுதுபோக்குப் பூங்காக்களில் நீர்மூழ்கி வேடமிட்டு, ஆனால் மூழ்காமல் ஓடும் கலத்துக்குத் தமிழில் கலைச்சொல் தேடும் இந்த மடலிழை நீண்டுவிட்டதால் எல்லா மடல்களுக்கும் தனித்தனியே மறுமொழி எழுதவில்லை. வேண்டிய வரிகளை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

> "நீர்மூழ்கிச் சவாரி" என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். பொழுதுபோக்குப் பூங்காக்களில் இந்தப் பெயரோடு ஓடுபவை பெரும்பாலும் மூழ்குவதே இல்லை. இவற்றில் மிகவும் பெயர்பெற்றது கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1959 ஜூனில் தொடங்கியது. மொத்தம் எட்டுக் கலங்கள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளுக்கு இருந்த பெயர்களையே (நாட்டிலஸ், டிரைட்டன், ஸ்கேட்) இவற்றுக்கும் சூட்டினார்கள். உருவம், பெயர், உள்ளே ஒலிபெருக்கியில் உத்தரவு போடும் கப்பல் தலைவரின் குரல் எல்லாமே நீர்மூழ்கிக்கு உரியவை. உள்ளபடி அது படகுதான். தண்ணீருக்கடியில் ஒரு தண்டவாளம் வழிநடத்த, மேல்தளம் எந்நேரமும் நீருக்கு மேலேயே தெரிய, செயற்கைக் குளத்தைச் சுற்றி வருகிறது. பயணி படியிறங்கிப் போய் உட்காரும் அறை மட்டும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. முகத்துக்கு நேரே வட்டச் சாளரம், அதற்கு அப்பால் தண்ணீர்.

மூழ்குகிறோம் என்ற எண்ணம் எப்படி வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். சாளரத்துக்கு வெளியே காற்றுக் குமிழிகளைக் கொத்துக் கொத்தாக விடுகிறார்கள். குமிழிகள் மேலே ஓட, நாம் கீழே போவதாக மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. நிலையத்தில் பக்கத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில் நகர்வதாகத் தோன்றுமே, அதே ஏமாற்றம்தான். பிறகு கலம் ஓர் அருவியைக் கடந்து கூரை போட்ட இருட்டுக்குள் நுழைகிறது. வெளிச்சம் குறைந்ததை ஆழம் கூடியதாக எடுத்துக்கொள்கிறோம். இரண்டு தந்திரங்களும் சேர்ந்தால் போதும், ஓர் அங்குலம்கூட இறங்காமல் கடலடி வரை போய்விட்டு வரலாம்.

(இந்தக் குமிழி ஏற்பாட்டுக்குக் "குமிழித்திரை" என்று வந்த பரிந்துரையை யாரும் மறுக்கவில்லை. அதை முடிந்ததாக வைத்துக்கொள்வோம்.)

நீர்மூழ்கியை நீர்மூழ்கி ஆக்குவது உருவமல்ல. தொட்டிகளில் நீரை ஏற்றி எடையைக் கூட்டி இறங்கவும், காற்றைச் செலுத்தி அந்நீரை வெளியேற்றி ஏறவும் வேண்டும். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், அதையும் உடல் தாங்க வேண்டும். பூங்காக் கலத்துக்கு இந்த இரண்டு கவலையும் கிடையாது. ஒழுகாமல் இருந்தால் சரி. ஆகவே பராமரிப்புக் கையேட்டையோ பாதுகாப்பு விதிகளையோ தமிழாக்குபவர் இதை "நீர்மூழ்கி" என்று எழுதினால், படிக்கும் பொறியாளர் இல்லாத தொட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்.

> அப்படியென்றால் "மூழ்காக் கப்பல்".

ஐயா, எந்த விபத்திலும் மூழ்காத கப்பலுக்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம். அப்படிச் சொல்லிக்கொண்ட கப்பலின் கதி உலகறிந்தது. "மூழ்காமூழ்கி" என்று இன்னொருவர் எழுதியதைப் படித்துச் சிரித்தேன். விடுகதைக்கு நல்ல விடை அது. அகராதியில் வைத்தால் அடுத்த தலைமுறை அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடும்.

> "அரைமூழ்கி" ஏன் ஆகாது? மேல்பாதி வெளியே, கீழ்ப்பாதி உள்ளே. உள்ளதை உள்ளபடி சொல்கிறது.

வந்தவற்றில் வலுவான பரிந்துரை இதுதான். திறந்த கடலில் பவளப்பாறைகளைக் காட்ட ஓடும் படகுகள் சில இதே அமைப்பில் உள்ளன. தளம் மேலே, கண்ணாடி பதித்த அறை நீர்மட்டத்துக்குக் கீழே, ஆழம் மாறாது. அவற்றுக்கு அரைமூழ்கி மிகப் பொருத்தம். பூங்காக் கலத்தையும் தண்டவாளத்தில் ஓடும் அரைமூழ்கி என்று வரையறுத்தால் கட்டுமான அளவில் பிழையில்லை.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்கும், தன்னைத் தாழ்த்தி மற்றொரு கப்பலையே முதுகில் ஏற்றிக்கொள்ளும் பெரும்பாரக் கப்பல்களுக்கும் இதே சொல் தேவைப்படுகிறது. அவை உண்மையிலேயே நீரேற்றித் தாழ்பவை. இது ஒரு காரணம். மற்றது, அரைமூழ்கி என்பதில் கலம் இருக்கிறது, ஆட்டம் இல்லை. பவளப்பாறைப் படகு யாரையும் ஏமாற்ற முயல்வதில்லை, "இதோ மீன், பாருங்கள்" என்பதோடு சரி. பூங்காவில் மூழ்குவதாக நம்பவைப்பதுதான் தொழில். குமிழித்திரையும் அருவியும் அபாயச் சங்கும் அதற்காகவே இருக்கின்றன. அந்தப் பாசாங்கை விட்டுவிட்டுப் பெயர் வைப்பது, பொய்க்கால் குதிரையாட்டத்தைத் "துணி கட்டிய ஆள்" என்று சொல்வது போலாகும்.

என் பரிந்துரை அங்கிருந்தே பிறந்தது: பொய்மூழ்கி.

பொய்க்கால், பொய்முடி என்பவற்றில் வரும் "பொய்" யாரையும் பழிக்கவில்லை. ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் தெரிந்தே நடக்கும் போலி அது. மூழ்குவதாக நடிப்பது பொய்மூழ்கி. மூன்று அசை, சொல்ல எளிது, "மூழ்கி" உள்ளே இருப்பதால் எதைப் போலச் செய்கிறது என்பதும் உடனே விளங்கும். பொய்மூழ்கித் தடம், பொய்மூழ்கிக் குளம் என்று மேலும் சேர்த்துக்கொண்டே போகலாம்.

புணர்ச்சி பற்றி வந்த கேள்விக்கு: தனிக்குறிலை அடுத்து வரும் யகரத்தின் முன் மெல்லினம் மிகுவதும் உண்டு, இயல்பாக நிற்பதும் உண்டு. மெய்ஞ்ஞானம், பொய்ம்மை என்பவற்றில் மிகுந்தது. ஆகவே பொய்ம்மூழ்கி என்று எழுதுபவரையும் யாரும் திருத்தவேண்டாம். அகராதியில் ஒற்று மிகாத வடிவத்தை முதலில் வைக்கலாம் என்பது என் எண்ணம், கண்ணுக்கு அது எளிது.

> சில பூங்காக்களில் உண்மை மீன்கள் இருக்கின்றனவே. அங்கேயும் பொய்யா?

இங்கிலாந்தின் வின்ட்சர் லெகோலேண்டில் 2011-இல் திறந்த சவாரியைச் சொல்கிறீர்கள் என நினைக்கிறேன். அங்கே கலம் ஒரு பெரிய மீன்காட்சித் தொட்டிக்குள்ளேயே ஓடுகிறது. சுறாவும் திருக்கையும் உயிருள்ளவை, பொம்மைக் கடலோடிகள் மட்டும் லெகோ கட்டைகள். நீரும் மீனும் மெய், மூழ்குவது மட்டும் பொய். "பொய்" என்ற அடை "மூழ்கி"யைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்பதால் சொல் இங்கும் நிற்கிறது.

தடுமாற்றம் வந்தால் டோக்கியோவில்தான் வரும். 2001-இல் திறந்த டோக்கியோ டிஸ்னிசீ பூங்காவில், ஆறாறு பேர் அமரும் சிறு கலங்கள் மேலிருந்து தொங்கியபடி ஓடுகின்றன. சுற்றிலும் காற்று மட்டுமே, குளம் கிடையாது. சாளரத்தில் இரண்டு அடுக்குக் கண்ணாடி, நடுவில் கொஞ்சம் தண்ணீர், அதில் குமிழி. நீர் முழுவதையும் சாளரத்துக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள்! இதனால்தான் "நீரடிச் சவாரி" என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. அடியில் இருக்க நீரே இல்லை. பொய்மூழ்கி அதையும் உள்ளடக்கும். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் உலர் பொய்மூழ்கி, நீர்ப் பொய்மூழ்கி எனலாம்.

இந்தப் பிரிவு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. உண்மை நீருக்குள் தட்டைக் கண்ணாடி வழியே நேராகப் பார்க்கும்போது ஒளிவிலகலால் பொருள்கள் முக்கால் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். பொம்மை எங்கே நிற்கவேண்டும் என்பதை அந்தக் கணக்கோடு முடிவுசெய்ய வேண்டும். உலர் வகையில் கண்ணாடிக்கு அப்பால் காற்று என்பதால் இந்த மாற்றம் மிகச் சிறிது. தொட்டி நீர் கலங்காமல் காக்க வடிகட்டி, பாசி பிடித்த பொம்மையைத் துடைக்க முக்குளிப்போர் என்ற செலவுகளும் உலர் வகைக்கு இல்லை. ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் 1971 முதல் 1994 வரை பன்னிரண்டு கலங்கள் ஓடின. குளத்தில் ஏறத்தாழ 1 கோடியே 15 லட்சம் கேலன் தண்ணீர். அவ்வளவு நீரைத் தெளிவாக வைத்திருப்பதற்கே ஒரு படை வேண்டும். கலிஃபோர்னியாவில் 1998-இல் நிறுத்தியதை 2007-இல் புதுக்கதையோடு திறந்தபோது டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்கலத்துக்கு மாற்றினார்கள். ஏறுமேடையில் நிற்கும்போது கம்பி செருகாமலே மின்னேறுகிறது.

உண்மையிலேயே மூழ்குபவை?

1964-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த தேசியக் கண்காட்சிக்காக ஆழ்கடல் ஆய்வாளர் ழாக் பிக்கார் வடிவமைத்த கலம் நாற்பது பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜெனீவா ஏரிக்குள் இறங்கியது. கேமன் தீவுகளில் 1980-களிலிருந்து பயணிகளுக்கான நீர்மூழ்கிகள் ஓடுகின்றன. பூங்காவுக்குள்ளேயே வேண்டுமென்றால், முன்பு கனடாவின் மேற்கு எட்மன்டன் பேரங்காடியில் இருந்தன, இப்போது இல்லை. அங்கே 1980-களில் நான்கு நீர்மூழ்கிகள் விட்டபோது, கனடாக் கடற்படையிடம் இருந்தவை மூன்று.

இவற்றை நீர்மூழ்கி என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. ஆனால் போர்க்கப்பலிலிருந்து பிரித்துக் காட்ட விரும்பினால் "முக்குளிக்கலம்" எனலாம். முக்குளித்தல் என்றால் முங்கி உடனே எழுவது. குளத்தில் முங்கி முங்கி எழும் முக்குளிப்பான் பறவையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மாதக்கணக்கில் கடலடியில் கிடக்கும் போர் நீர்மூழ்கிக்கு அது பொருந்தாது, அரைமணி நேரத்தில் ஏறிவிடும் சுற்றுலாக் கலத்துக்குப் பொருந்தும்.

> பூங்கா வாசலில் "பொய்" என்று யார் பலகை வைப்பார்?

வைக்கமாட்டார்கள், வைக்கவும் வேண்டாம். பலகைப் பெயர் வேறு, கலைச்சொல் வேறு. பலகைக்குக் "கடலடி உலா" போதும். "ஆழ்கடல் உலா" வேண்டாம் என்பேன். கடலியலில் ஆழ்கடல் என்பது பொதுவாக 200 மீட்டருக்குக் கீழே, வெயில் மங்கிப்போன பகுதி. சாளரத்தில் தெரியும் வண்ணப் பவளத்திட்டுகள் வெயில் எட்டும் மேல்நீரில் வளர்பவை. விளம்பரக்காரர் கேட்கமாட்டார் என்று தெரியும், சொல்லிவைக்கிறேன்.

"பாவனை நீர்மூழ்கி" என்று எழுதிய அம்மையாருக்கு: சொல் அழகுதான், ஆனால் மாலுமிகளைப் பழக்கும் கட்டுப்பாட்டறைப் பயிற்சிப்பொறிக்கு அது கட்டாயம் தேவைப்படும். அங்கே மூழ்குவதைக் கற்றுக்கொள்கிறார்கள், இங்கே வேடிக்கை பார்க்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம்.

உலாவா சவாரியா என்பதில் நான் உலா பக்கம். தலைவன் தெருக்களைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர்வது உலா. தடம் மூடிய வளையமாக இருக்கும் இக்கலத்துக்கு அது தானாகவே அமைகிறது. சவாரி என்றால் ஏறி உட்கார்ந்து ஓட்டும் வாசனை வருகிறது. இருந்தாலும், உலா பயணத்தைக் குறிக்கிறதே ஒழிய தண்டவாளம், குளம், கொட்டகை எல்லாம் சேர்ந்த அந்த அமைப்பைக் குறிக்காது. மக்கள் அதை "ரைடு" என்றுதான் சொல்கிறார்கள். ராட்டினம் என்று பொதுவாகச் சொல்வோரும் உண்டு, சுழலாத ஒன்றை அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இதற்குத் தனி இழை தொடங்குவது நல்லது. இங்கே கலத்தின் பெயரை மட்டும் முடிப்போம்.

சாளரத்துக்கு "நீர்ச்சாளரம்", "வட்டப்பலகணி" என்று இரண்டு வந்திருக்கின்றன. நீர்ப் பொய்மூழ்கிக்கு முதலாவது சரி. டோக்கியோச் சாளரம் சதுரமோ வட்டமோ, நீரை உள்ளேயே வைத்திருக்கிறது. அதுவே மெய்யான நீர்ச்சாளரம் என்று ஒருவர் வாதாடினால் என்னிடம் மறுப்பு இல்லை. கண்ணாடித் தொழிலில் இருப்பவர் யாராவது சொல்லுங்கள்: இரண்டு தகடுகளுக்கு நடுவே திரவம் அடைத்த பலகைக்குப் பட்டறையில் என்ன பெயர்?