குறியா டி.என்.ஏ.: 'செயல்பாடு' என்ற சொல்லைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் அறிவியல் சொற்பட்டியலுக்காக, புரதத்துக்கான குறியீடு இல்லாத டி.என்.ஏ.வுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: குப்பை டி.என்.ஏ., இருள் டி.என்.ஏ., குறியற்ற டி.என்.ஏ. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. 'இருள்' என்றதுமே உள்ளே புதையல் இருப்பதாகத் தோன்றிவிடும். 'குறியற்ற' என்பதை இலக்கற்ற என்றும் படிக்கலாம். 'வாடா மலர்', 'அழியாப் புகழ்' போல எதிர்மறைப் பெயரெச்சமாக 'குறியா டி.என்.ஏ.' என்று வைக்கலாம். விரித்து எழுத வேண்டிய இடத்தில் 'புரதம் குறியா டி.என்.ஏ.' பயன் உண்டா இல்லையா என்ற தீர்ப்பு இதில் இல்லை.

'குப்பை'யை ஒழிக்கச் சொல்லவில்லை. 1972-இல் மரபியலாளர் சுசுமு ஓனோ எழுதியதிலிருந்து அதற்கொரு வரலாறு உண்டு. ஆனால் குறியா டி.என்.ஏ.வுக்கு மறுபெயராக அதை எழுதுவது தவறு. மனித மரபுத்தொகையில் (முழு டி.என்.ஏ. தொகுப்பில்) உள்ள சுமார் 300 கோடி எழுத்து இணைகளில் புரதத்துக்குரியவை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதி முழுவதும் குப்பை என்று விவரமறிந்தவர்கள் அன்றும் சொல்லவில்லை. புரதங்களைக் கட்டும் ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுக்களே புரதம் குறியாதவைதாம். அவையின்றி உயிரணுவில் ஒரு புரதமும் உருவாகாது. விரல்களின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவை, ஏறத்தாழ 10 லட்சம் இணைகள் தள்ளியிருக்கும் குறியாப் பகுதி ஒன்று இயக்குகிறது. அங்கே ஓர் எழுத்து மாறினாலே ஆறாவது விரல் முளைக்கக்கூடும்.

சண்டை உண்மையில் 'செயல்பாடு' என்ற சொல்லைச் சுற்றியே நடக்கிறது. மரபுத்தொகையின் 80 விழுக்காட்டுக்குச் செயல்பாடு உண்டு என்று 2012-இல் என்கோடு (ENCODE) என்ற பன்னாட்டு மரபுத்தொகை ஆய்வுத் திட்டம் அறிவித்தது. அவர்கள் பார்த்தது உயிர்வேதி நிகழ்வுகளை: ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறதா, ஏதேனும் புரதம் வந்து ஒட்டுகிறதா என்பன போன்றவை. மறு ஆண்டே பரிணாம உயிரியலாளர் டேன் கிரௌரும் உடன் எழுதியவர்களும் கடுமையாக மறுத்தார்கள். இயற்கைத் தேர்வு காத்து வருவதற்கு மட்டுமே 'செயல்பாடு' என்ற பெயர் பொருந்தும் என்பது அவர்கள் வாதம். அந்த அளவுகோலைக் கொண்டு கணக்கிட்ட ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014-இல் 8.2 விழுக்காடு என்றார்கள். ஒரே சொல்லின் கீழ் இருவேறு பொருள்களை அளந்தால் இப்படித்தான் பத்து மடங்கு வித்தியாசம் வரும்.

தமிழில் இந்தக் குழப்பத்தைத் தொடக்கத்திலேயே தவிர்க்கலாம். நடப்பது 'வினை', எதற்காக இயற்கைத் தேர்வில் நிலைத்ததோ அது 'பணி'. இதயம் குருதியை உந்துவது பணி, துடிக்கும்போது ஒலிப்பது வினை. அந்த ஒலி மருத்துவருக்கு உதவுகிறதே என்றால், உதவட்டும்; ஒலிப்பதற்காக இதயம் தோன்றவில்லை. எனவே என்கோடு சொன்னது 80 விழுக்காட்டில் வினை உண்டு என்பதை. பணி உடையது எவ்வளவு என்பது தனிக் கேள்வி. 'வினை' வேதிவினையோடு மோதுமே என்ற ஆட்சேபம் வரும். இங்கே பேசுவதும் பெரும்பாலும் வேதிவினைகளைத்தானே!

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். கிரௌரின் தொனி பிடிக்காவிட்டாலும் வாதம் வலுவானது. வெங்காயத்தின் மரபுத்தொகை நம்முடையதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரியது. ஃபுகு மீனுக்கோ சுமார் 40 கோடி இணைகளே போதுமாக இருக்கின்றன. டி.என்.ஏ. அனைத்துக்கும் பணி உண்டு என்பவர்கள், வெங்காயத்துக்கு அத்தனை பணி எதற்கு என்ற உயிரியலாளர் ரயன் கிரெகரியின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். அதே சமயம், எழுத்து வரிசை எதுவானாலும் நீளம் மட்டும் தேவைப்படும் இடைவெளிகள் இருக்கலாம், 8.2 என்ற கணக்கில் அவை சிக்கா. அந்த அளவுக்கு எதிர்த்தரப்புக்கும் இடம் உண்டு.

ஆகவே சொற்பட்டியலில் குறியா டி.என்.ஏ., வினை, பணி ஆகிய மூன்றையும் சேர்க்கலாம். 'குப்பை டி.என்.ஏ.' என்பதைப் 'பணி இல்லாதது' என்ற விளக்கத்துடன் தனிப் பதிவாக வைக்கலாம். 'புரதங்குறியா' என்று சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லட்டும். எனக்குப் பிரித்து எழுதுவதே படிக்க எளிதாகத் தோன்றுகிறது. 'போலி மரபணு' (மரபணுவைப் போலிருந்தும் பழுதுபட்டதாகக் கருதப்படும் பகுதி) என்ற சொல்லிலும் இதே சிக்கல் இருக்கிறது. போலி என்று ஒதுக்கப்பட்டவற்றில் சிலவற்றுக்குப் பணி இருப்பது தெரியவந்திருப்பதால், அதைத் தனி இழையில் எடுத்துக்கொள்ளலாமா?