கையால வரைஞ்ச கிட்டார் பாடிக்கு மேல என்ன கிளியர் (படத்தக் காக்குத நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்கலாம்?

முட்டத்துக்காரன்:
அண்ணமாரே ஒரு சந்தேகம். எனக்க எலெக்ட்ரிக் கிட்டார், ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல், பழைய பெயிண்ட உப்புத்தாள் போட்டு எடுத்துட்டு வெள்ளை பிரைமர் அடிச்சு, முட்டம் பாறையும் லைட் ஹவுஸும் அந்தி வெளிச்சமும் அக்ரிலிக்ல வரைஞ்சிருக்கேன். பீட்டில்ஸ் கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் ஹாரிசன் 1967ல அவருக்க ஸ்ட்ராட்ட அவரே கலர் கலரா பெயிண்ட் அடிச்ச போட்டோ பாத்ததுல இருந்து உள்ள ஆசை. பாறைக்க அவுட்லைன் மட்டும் கருப்பு மார்க்கர். கிளியருக்கு பெயிண்ட் கடைல என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர்ங்காவ, கூட்டுக்காரன் பியூ (பாலியூரித்தேன்) அடிங்கான், ஆசாரி மாமா ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) போதும்ங்கார். கிறிஸ்மஸுக்கு கோயில் குயர்ல இதத்தான் வாசிக்கணும், ஒரு கோடு கூட கலங்கப்பிடாது.

தக்கலை மரவேலை:
மக்கா, பிரஷ் மட்டும் எடுக்காத. தின்னர் நனைஞ்ச பிரஷ்ஷ மார்க்கர் கோட்டு மேல ஒரு இழுப்பு இழுத்தா கருப்பு அப்படியே அந்தி வெளிச்சத்துக்குள்ள ஒழுகிரும். என்சி தின்னர் காஞ்ச அக்ரிலிக்கயே இளக்கும், ஷெல்லாக் கரைக்கிற ஸ்பிரிட்டும் இளக்கும், அதனால மாமா கட்டிலுக்கு செய்யுத மாதிரி துணில தொட்டு தேய்க்கவே கூடாது. எதுவானாலும் ஸ்ப்ரே தான். மொதல் ரெண்டு மூணு கோட்டிங் பனி விழுந்த மாதிரி தூரத்துல இருந்து தூவி விடு, பளபளப்பு வரலியேன்னு நெனச்சு கிட்ட போய் அடிச்சிராத, அந்த சொரசொரப்பு காஞ்சு ஒரு மூடி ஆன பிறகுதான் நனைய அடிக்கணும். அதுக்கும் முன்னால மிச்ச பிரைமர ஒரு பலகைத் துண்டுல அடிச்சு அதே கலர், அதே மார்க்கர் போட்டு அதுல அடிச்சுப் பாரு. இத விட்டுராத.

கிறிஸ்மஸ்னா என் ஓட்டு, இறுக வைக்குத ஹார்டனர் கலக்குத பியூவுக்கு. என்சி தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள இறுகி பாலிஷ் போட வாரக்கணக்கா ஆகும். ஆனா அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட்னு மூச்சுல போனா ஆபத்தான கெமிக்கல் உண்டு, துணி மாஸ்க் பத்தாது. கார் பெயிண்டிங் பட்டறைல குடுத்து அடிச்சு வாங்குறது நல்லது.

குளச்சல் பாஸ்:
அண்ணன் சொன்னது சரி, கூட ஒண்ணு. இது ஐப்பசி மழை நேரம். லேக்கர் அடிச்சா தின்னர் சட்டுனு ஆவியாகி மேல்பரப்பு குளுந்து, காத்துல உள்ள ஈரம் அதுல படிஞ்சு பால் ஊத்துன மாதிரி வெளுத்துப் போவும். நம்ம கடக்கரைல சும்மாவே ஈரம் ஜாஸ்தி. தின்னர் மெதுவா ஆவியாக வைக்குத ரிட்டார்டர் சேத்தா கொறையும், ஆனா மழை விட்டு வெயில் ஏறுன நாளா பாத்து அடிக்கிறதுதான் நல்லது. உப்புக்காத்து பட்ட பாடிய அடிக்கதுக்கு முன்ன நல்லா பிழிஞ்ச ஈரத்துணி வச்சு லேசா ஒத்தி எடுத்து, முழுசா காய விடுங்க.

நெக் உக்காருத குழிக்கு மறக்காம டேப் ஒட்டுங்க. அங்க கிளியர் தடிச்சா நெக் சரியா இறங்காது. கடைசில 1000, 1500, 2000னு வாட்டர் பேப்பர் போடும்போ ஸ்க்ரூ ஓட்டைல தண்ணி போவப்பிடாது, மரம் ஊதி சுத்தி உள்ள கிளியர் வெடிக்கும். ஓரத்துல எல்லாம் கோட்டிங் மெலிசாதான் நிக்கும், அங்க ரொம்ப தேய்ச்சா படமும் சேந்து உரிஞ்சு வந்துரும்.

முட்டத்துக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணமாரே. பலகைல கோடு போட்டு வச்சாச்சு, பட்டறைலயும் கேட்டுட்டேன், சனிக்கிழமை வெயில் இருந்தா அடிச்சுத் தாறேன்னு சொல்லிருக்காவ. பிக்கார்டுக்கு (பாடி முன்பக்கம் பூட்டுத பிளாஸ்டிக் தகடு) அடில மறையுத இடத்துக்கும் அடிக்கணுமா?

தக்கலை மரவேலை:
ஆமா மக்கா, அங்கயும் அடிக்கச் சொல்லு. விட்டா அந்த ஓரத்துல இருந்துதான் உரிய ஆரம்பிக்கும். பலகைல அடிச்சு கோடு கலங்கலன்னா மட்டும் கிட்டார அவங்க கைல குடு.