சிஜே3பி ஜீப்பில் பெஜோ டீசல்: பெல் ஹவுசிங் பக்கம் உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. வண்டி மகிந்திரா சிஜே3பி. ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின் இறக்கியாச்சு, பெஜோ எக்ஸ்டிபி 4.90 (2112 சிசி) ஏறப்போகிறது. டி-90 மூணு கியர் பாக்ஸ், 5.38 கிரௌன் (அச்சின் பல்சக்கர விகிதம்) அப்படியே.

சிக்கல் பெல் ஹவுசிங்கில் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவ உறை). இரண்டையும் பொருத்த நடுவில் வைக்கும் அடாப்டர் பிளேட் தடிமன் கூடினால் இன்புட் ஷாஃப்ட் (கியர் பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) முனை அதைத் தாங்கும் இன்ஜின் பக்கத்து பைலட் புஷ்ஷுக்குள் முழுசாக உட்காராது. அங்கே ஆட்டம் வந்தால் கிளட்ச் பிளேட் ஸ்ப்ளைன் (தண்டோடு பிணையும் பல்வரிகள்) தேயும், டாப் கியர் தானாகக் கழலும். புஷ்ஷை நீளமாகக் கடைந்து போட்டால் தாங்குமா? இல்லை, டீசல் ஜீப்பின் கேஎம்டி-90 நாலு கியர் பாக்ஸை ஹவுசிங்கோடு மாற்றுவதே மேலா? மாற்றியவர்கள் புரொப்பெல்லர் ஷாஃப்டை (கியர் பாக்ஸிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டு) எவ்வளவு வெட்டினீர்கள்?

இன்னொன்று, 6.00-16 டயரில் டாப் கியரில் 60 கி.மீ. வேகத்துக்கே கணக்குப்படி 2400 ஆர்பிஎம் சுற்றும். கிரௌன் விகிதத்தைக் குறைத்தால் மலை ஏற்றத்தில் முதல் கியர் இழுக்குமா? (காட்டுக்குள்தான் ஓட்டம் என்றால் 5.38-ஐத் தொட வேண்டாம் என்பது என் கட்சி.)

டேங்க் கழுவி ரிட்டர்ன் லைன் (மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) போட்டாயிற்று, ஹீட்டர் பிளக் ரிலேயும் இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிளும் தயார். ஆர்டிஓ முன் அனுமதிக்கு விண்ணப்பம் தனியாகப் போகிறது. ஹவுசிங் அளவு எடுத்து வைத்திருப்பவர்கள் படத்தோடு போடுங்கள்.