கத்திரி வெயிலில் வந்த போன்

என் தம்பிக்கு பைபோலார், மனநிலை தாறுமாறாக ஏறி இறங்கும் நோய். மூன்று நாள் கண் மூடாமல், அப்பாவின் பிஎஃப் பணத்தில் இரண்டு பழைய வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து நின்றவன் அவன்தான். அப்புறம் ஆறு மாசம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தவனும் அவன்தான். இரண்டும் ஒரே நோய் என்று எங்களுக்கு உறைக்க நாலு வருஷம் ஆனது. மந்திரித்த கயிறெல்லாம் கட்டி முடித்த பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் கொடுத்த லித்தியம் மாத்திரை அவனுக்கு நன்றாகக் கேட்டது. செங்குன்றத்தில் ஒரு குடோனில் வேலைக்கும் போக ஆரம்பித்தான். போன மே மாதம் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனத்திலிருந்து, மாதாமாதம் விசாரிக்கும் சமூகப் பணியாளர் பெண் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணா, தம்பி கை நடுங்குதுன்னாரு. பேச்சும் குழறுது. வலி மாத்திரை ஏதாவது போட்டாரா?"

போட்டிருக்கிறான். தலைவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஐப்யூபுரூஃபன், நாலு நாளாக. குடோனில் தகரக் கூரை வேறு. வியர்வையில் உடம்பிலுள்ள நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளுமாம். இந்த வகை வலி மாத்திரையும் அதையேதான் செய்யும். அன்றே ரத்தம் எடுத்தோம். 0.8 அளவில் நிற்க வேண்டிய லித்தியம் 1.8-ல் இருந்தது. இரண்டு நாள் வார்டில் டிரிப்ஸ் ஏறியது, பிழைத்தான். நாங்களோ வெயில் அசதி என்று மோர் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெண்ணின் சம்பளத்துக்குத்தான் நான் மாசம் 500 ரூபாய் அனுப்புகிறேன். பிறந்தநாளுக்கு இப்படிப்பட்ட இடங்களில் சாப்பாடு போடுவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே பொறுப்பிலிருக்கும் அக்கா சொன்னார்: "சாப்பாடு போட ஆள் வந்துடறாங்க தம்பி. ரத்தப் பரிசோதனைக்கும் சம்பளத்துக்கும் கேட்டாத்தான் யோசிக்கிறாங்க."

பெரம்பூரிலிருந்து ஒருவர் எழுதியது:
கண் கலங்கிவிட்டது சார். என் அம்மாவுக்கும் இதே நோய். எழுபதுகளில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அப்போது அங்கே கண்காணிப்பாளர் டாக்டர் சாரதா மேனன். வீட்டுக்கு அனுப்பியபின் கவனிக்க ஆளில்லாமல், அம்மாவை மறுபடி மறுபடி கூட்டிப்போனோம். அந்த டாக்டரே ஓய்வுக்குப் பிறகு 1984-ல் ஸ்கார்ஃபைத் தொடங்கினார் என்று கேட்டபோது, ஏன் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்களுக்குத்தான் அது காலம் கடந்து வந்தது.

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியது:
என் வீட்டுக்காரருக்கும் இந்த நோய்தான், அண்ணா. அங்கே நடக்கும் நோயாளிகளின் குடும்பத்தார் கூட்டத்துக்கு முதல் தடவை போனபோது வாசலிலேயே அரை மணி நேரம் நின்றேன், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. உள்ளே போனால் எங்கள் தெரு டீச்சர் உட்கார்ந்திருக்கிறார்! அவர்தான் தூக்கத்தை நோட்டில் எழுதச் சொன்னார். இரண்டு ராத்திரி தூக்கம் குறைந்தாலே டாக்டருக்குப் போன் போட்டுவிடுவேன். பணம் பெரிதாகக் கொடுக்க முடியாது, தையல் காசுதான். 100 ரூபாய் கொடுத்தால் வாங்குவார்களா?

என் பதில்:
தாராளமாக வாங்குவார்கள் அம்மா, ரசீதும் தருவார்கள். ராத்திரியில் டாக்டர் கிடைக்காமல் பேச ஆள் வேண்டுமென்றால் 14416-க்குப் போடுங்கள், அரசின் இலவச மனநல எண், தமிழிலேயே பேசலாம். சனிக்கிழமை நானும் தம்பியும் ஸ்கார்ஃபுக்குப் போகிறோம். திருமங்கலம் மெட்ரோ வாசலில் 10 மணிக்கு நிற்போம், அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.